கண் ரப்பை தொங்குகிறதா? கத்தி வைப்பதற்கு முன்னால்...

"ஏம்மா, ராத்திரி சரியா தூங்கலையா?"

பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு மாமி கேட்டாங்க. பாங்க்கில் கையெழுத்து சரிபார்க்கிற பெண்கூடக் கேட்டாள். எங்கள் அண்ணியோ ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் காலை ஐந்தரை வரை அசையாமல் தூங்கும் ஜாதி! வயது 57. மேல் ரப்பைத் தோல் மடிந்து இமை முடி மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போன்ற முகம்.

மகள் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணிக்கு வேகம் வந்துவிட்டது. தை மாதம் முகூர்த்தம். மார்கழி பிறந்து ஒரு வாரம் கழித்து, "கண்ணுக்கு ஏதோ சின்ன ஆபரேஷன் இருக்காமே, பத்து வயசு குறைஞ்ச மாதிரி ஆயிடுமாமே, வா போய்க் கேட்டுட்டு வரலாம்" என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கண் ரப்பைகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற கண் டாக்டர் அவர். டார்ச், கத்தி எதையும் எடுக்கவில்லை. முதலில் கேட்டது, "உங்க கல்யாண ஆல்பம் இருக்காம்மா? இல்லேன்னா இருபது, முப்பது வருஷத்துக்கு முந்தி எடுத்த போட்டோ ஏதாவது?"

எங்களுக்கு ஆச்சரியம். பிறகுதான் புரிந்தது. பிறவியிலேயே கொஞ்சம் கனத்த ரப்பையா, வயதானதால் வந்ததா, சமீபத்தில் திடீரென்று வந்ததா என்பதைப் பழைய போட்டோ சொல்லிவிடும். அதைப் பொறுத்துத்தான் ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்பதே!

தொங்குவது எது?

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் ரப்பைத் தோல்தான். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் கிடையாது. நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து தடவை இமைத்து இமைத்து, நாற்பது வயதுக்கு மேல் அது துவண்டு போகிறது. தோலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கண்ணைச் சுற்றி மெத்தை போல இருக்கும் கொழுப்பைத் தடுத்து வைத்திருக்கும் சுவர் அது. சுவர் தளர்ந்தால் கொழுப்பு முன்னால் பிதுங்குகிறது. மேலே மடிப்பு, கீழே பை. இந்த மிச்சத் தோலையும் பிதுங்கிய கொழுப்பையும் சரிசெய்வதுதான் 'பிளிபரோபிளாஸ்டி' என்கிற ஆபரேஷன்.

ஆனால் ரப்பை இறங்கிவிட்டது என்று வருகிற எல்லோருக்கும் தோல்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். ரப்பையைத் தூக்கிப் பிடிக்கும் தசை ஒன்று இருக்கிறது. வயதாலோ, பல வருடங்கள் கான்டாக்ட் லென்ஸ் போட்டதாலோ, சிலருக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகோ, அந்தத் தசையின் பிடி நழுவிவிடும். அதற்குப் பெயர் 'டோசிஸ்'. இவர்களுக்குத் தோலை மட்டும் வெட்டினால் பிரயோஜனமில்லை. காசும் போய், கண்ணும் பழையபடியே இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று நேராகப் பாருங்கள். தொங்கும் தோலை ஒரு விரலால் மெதுவாக மேலே ஒதுக்குங்கள். ரப்பையின் ஓரம், அதாவது இமை முடி முளைக்கிற விளிம்பு, இப்போதும் கண்மணியை மறைக்கிறதா? அப்படியானால் தசையில் கோளாறு இருக்கலாம். விளிம்பு சரியான இடத்தில் இருந்தால் பெரும்பாலும் தோல்தான். இது ஒரு குறிப்புக்குத்தான். முடிவு சொல்ல வேண்டியது டாக்டர்.

புருவம் இறங்குவது மூன்றாவது காரணம். புருவம் கீழே வந்தால் அதோடு சேர்ந்து ரப்பைத் தோலும் மடியும். புருவத்தைக் கவனிக்காமல் தோலை வெட்டித் தைத்தால் புருவம் இன்னும் கீழே இழுபட்டு, கோபமாக முறைக்கிற மாதிரி முகம் ஆகிவிடும்.

வியாதிகளும் உண்டு. காலையில் ரப்பை நன்றாக இருந்து, சாயங்காலம் ஆக ஆகக் கீழே இறங்குகிறதா? சில சமயம் ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? 'மயஸ்தீனியா' என்கிற தசைத் தளர்ச்சி நோயாக இருக்கலாம். அதற்கு மாத்திரை இருக்கிறது. கத்தி தேவையில்லை. காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம், காலிலும் வீக்கம் என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். கண் முன்னால் தள்ளி, ரப்பை வீங்கி இருந்தால் தைராய்டு. அந்த நோய் அடங்கி, குறைந்தது ஆறு மாதமாவது நிலையாக இருந்தால்தான் ரப்பையில் கை வைப்பார்கள்.

இன்னொன்றை மட்டும் எந்த வீட்டிலும் மறக்கக்கூடாது. ஒரே நாளில் திடீரென்று ஒரு கண் ரப்பை இறங்கி, கூடவே கடுமையான தலைவலி, அந்தக் கண்ணின் கண்மணி பெரிதாகத் தெரிவது, இரட்டைப் பார்வை என்று இருந்தால் அழகு டாக்டரைத் தேடாதீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துகிற அறிகுறியாக இருக்கலாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் சரி.

அண்ணிக்குத் தோல்தான். தசை நன்றாகவே இருந்தது.

கருவளையம் போகுமா?

"கண்ணுக்குக் கீழே கறுப்பும் போயிடுமா டாக்டர்?" என்று அண்ணி ஆசையாகக் கேட்டார்.

"போகாதும்மா. பை போகும், கறுப்பு போகாது" என்றார் டாக்டர் ஒரே வரியில்.

நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற கருவளையத்தில் பெரும்பகுதி தோலின் நிறம். அதைக் கத்தி அழிக்காது. பை தள்ளிக்கொண்டு நிற்பதால் விழுகிற நிழல் மட்டும் குறையும். சிரித்தால் கண் ஓரம் விழுகிற கோடுகளும் இந்த ஆபரேஷனில் போகாது. அதற்கு போடாக்ஸ் ஊசி என்று வேறு வழி இருக்கிறது. அதையும் தப்பான இடத்தில் போட்டால் சில வாரங்களுக்கு ரப்பையே இறங்கிவிடுவது உண்டு! மூக்கை ஒட்டிய ரப்பை ஓரத்தில் மஞ்சளாகத் திட்டு இருப்பவர்கள் அதை எடுப்பதற்கு முன்னால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுவது நல்லது.

மாத்திரை டப்பாவை எடுத்துப் போங்கள்

டாக்டர் அடுத்துப் பார்த்தது கண்ணீரை. கீழ் ரப்பைக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தார். எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்பதுதான் கணக்கு. பத்துக்குக் கீழே என்றால் கண் வறட்சி இருக்கக்கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் இமை முழுசாக மூடாமல் போகலாம் என்பதால், ஏற்கெனவே வறண்ட கண்ணுக்கு இது ஆபத்து. கண்ணாடியை விடுவதற்காக லேசர் செய்துகொண்டவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுவாக ஆறு மாதமாவது இடைவெளி விடச் சொல்வார்கள்.

பிறகு கேட்டார், "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பி.பி. மாத்திரை மட்டும்தான்" என்றார் அண்ணி. நான்தான் குறுக்கே புகுந்து, நாலு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததையும், தினம் மதியம் போடும் எகோஸ்பிரினையும் ஞாபகப்படுத்தினேன். "அது சின்ன மாத்திரைடா!" என்றார். சின்ன மாத்திரைதான். ஆனால் அது ஆஸ்பிரின். ரத்தம் உறைவதைத் தடுக்கும். க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் இவையும் அப்படித்தான். வலி மாத்திரைகள் பலவும், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்களும்கூட ரத்தக் கசிவை அதிகமாக்கலாம்.

அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள்! அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்காக இதயத்தைப் பணயம் வைக்கிற கதையாகிவிடும். நிறுத்தலாமா, எத்தனை நாளைக்கு என்பதை இதய டாக்டர் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் டாக்டர் அந்தச் சீட்டு வராமல் தேதியே கொடுக்க மாட்டேன் என்றார். சர்க்கரை, பி.பி. இரண்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும்.

கடைசியில் தேதி விஷயம். "கல்யாணம் என்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, காலண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "மூணு வாரம் பத்தாதும்மா. வீக்கம் வடிஞ்சிருக்கும், ஆனா தழும்பு சிவப்பா இருக்கும். வீடியோக்காரன் லைட்டைப் போட்டா பளிச்சுனு தெரியும். அடுப்புப் புகை, ஓட்டம், அழுகை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மறுபடி வீங்கும். முகூர்த்தம் முடியட்டும்."

அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நேர்மையான பதில். விசேஷத்துக்காகச் செய்துகொள்வதென்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். மூன்று வாரத்தில் "ஜம்முனு ஆக்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபரேஷன் மேஜையில்

மாசியில் நடந்தது. மேல் ரப்பை இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். மயக்கம் கிடையாது, மரத்துப்போகிற ஊசியும், பயம் தெளிய ஒரு மருந்தும்தான். ஊசி போடும்போது சுரீரென்று எரியும். அதோடு சரி. ஊசிக்கு முன்பே உட்காரவைத்து, இயற்கையாக மடிகிற கோட்டில் பேனாவால் குறித்துக்கொள்கிறார்கள். படுத்தால் தோல் நகர்ந்து கணக்குத் தப்பிவிடும் என்பதால்தான் இது.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவே சுமார் இருபது மில்லிமீட்டர் தோலாவது இருக்க வேண்டும். இல்லையேல் கண் மூடாது. எடுத்த தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. குறைவாக எடுத்திருந்தால் பின்னால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே "நல்லா இழுத்துத் தச்சுடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள்.

கீழ் ரப்பைப் பை என்றால் இரண்டு வழி. இமை முடிக்குச் சற்றுக் கீழே வெளியிலிருந்து வெட்டுவது ஒன்று. ரப்பையை வெளியே மடக்கி உள்பக்கமாகக் கொழுப்பை எடுப்பது இன்னொன்று. உள்பக்கம் செய்தால் வெளியே தழும்பே இருக்காது. ஆனால் மிச்சத் தோல் தொங்குபவர்களுக்கு அது மட்டும் போதாது. கீழ் ரப்பையில் அதிகம் எடுத்துவிட்டால் ரப்பை கீழே இழுபட்டு வெள்ளை விழி தெரியும், கண்ணில் நீர் வழியும். சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். மேல் ரப்பையைவிடக் கீழ் ரப்பை கொஞ்சம் நுணுக்கமான வேலைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு...

அன்று சாயங்காலமே வீடு. கண்ணைக் கட்டுப் போட்டு மூடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பார்வை தெரியுதான்னு நீங்க பார்த்துக்கிட்டே இருக்கணுமே" என்றார்கள். முதல் நாள் ராத்திரி ஒருவர் கூடவே இருப்பது அவசியம். நான் இரண்டு மணிக்கு ஒரு தடவை விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டேன். மூன்றாம் தடவை திட்டு விழுந்தது. பரவாயில்லை, எண்ணிக்கை சரியாகச் சொல்லித்தானே திட்டினார்!

இரண்டாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு அண்ணி அழுதேவிட்டார். பயப்படாதீர்கள், அன்றுதான் வீக்கம் உச்சம். ரப்பை குண்டு பணியாரம் மாதிரி ஆகிவிடும். ரத்தக்கட்டு கருநீலமாக, இரண்டொரு நாளில் கன்னத்துக்கு இறங்கி, பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, பத்துப் பதினாலு நாளில் மறைகிறது. வாசலில் யாராவது வந்தால், "என்ன, விழுந்துட்டீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் குளிர்ந்த ஒத்தடம்தான் மருந்து. ஐஸை அப்படியே வைக்கக்கூடாது, தோல் மரத்திருப்பதால் புண்ணாவது தெரியாது. ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை அழுத்தாமல் பத்து நிமிடம், பிறகு இடைவெளி. தலைக்கு இரண்டு மூன்று தலையணை வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். வலி பெரிதாக இருக்காது, பாரசிட்டமால் போதும். தூங்கும்போது கண் முழுசாக மூடாது என்பதால் ராத்திரி கண்ணுக்குள் களிம்பு, பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு. காலையில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் அது களிம்பினால்தான், துடைத்தால் சரியாகிவிடும். இரண்டு கண்ணும் ஒரே அளவில் வடியாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

நம் வீட்டுப் பெண்களுக்குக் கஷ்டமான பத்தியம் சாப்பாட்டில் இல்லை, குனிவதில்தான் இருக்கிறது! குனிந்தால் கண்ணுக்கு ரத்தம் பாய்ந்து கசிவு வரும். கோலம், துணி துவைப்பது, குடம் தூக்குவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, பேரக் குழந்தையை வாரி எடுப்பது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் லீவு. சிரசாசனம் செய்பவர்கள் குறைந்தது ஒரு மாதம் தலைகீழாக நிற்கக்கூடாது. மலச்சிக்கல் இருந்தால் முக்காமல் இருக்க முன்கூட்டியே மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி. பார்க்கலாம், ஆனால் திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறளும். அழுகிற சீரியல் வேண்டாம் என்று நான் சொன்னதை அண்ணி கேட்கவில்லை.

ஐந்திலிருந்து ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள். அதுவரை கழுத்துக்குக் கீழே மட்டும் குளியல். எண்ணெய் ஸ்நானம் மூன்று வாரம் கழித்து. "ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடு", "மஞ்சள் பத்துப் போடு", "தாய்ப்பால் விடு" என்று வருகிற பாட்டி வைத்தியம் எதையும் தையல் மேல் அண்டவிடாதீர்கள். கண் மை இரண்டு வாரம் கழித்து, அதுவும் புது டப்பா. கான்டாக்ட் லென்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆபீஸ் போகிறவர்கள் பத்து நாளில் போகலாம். வெயிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், இல்லாவிட்டால் நம் தோலுக்குத் தழும்பு கறுத்துவிடும். ரப்பைத் தழும்பு ஆரம்பத்தில் சிவந்து, கொஞ்சம் தடித்து, மூன்று முதல் ஆறு மாதத்தில் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். இமை முடிப் பக்கம் மரத்த மாதிரி இருப்பதும் சில வாரம், சில மாதத்தில் போய்விடும்.

இதற்கு மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய ஆபத்து. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இப்படிக் கசியலாம். நிரந்தரமாகப் பார்வை போவது சுமார் 22,000 பேரில் ஒருவருக்கு. மிக அரிதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு நேரம் மிகக் குறைவு. தேங்கிய ரத்தம் பார்வை நரம்பை நசுக்கினால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் பார்வை திரும்புவது கஷ்டம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும்.

ஒரு கண்ணில் மட்டும் குத்திப் பிடுங்குகிற வலி, கண் கல் மாதிரி இறுகி முன்னால் தள்ளுவது, பார்வை மங்குவது, வீக்கம் கிடுகிடுவென்று ஏறுவது இவற்றில் எது இருந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றிவிடுவார்கள். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே, "ராத்திரி ஒரு மணிக்குப் போன் பண்ணினா யார் எடுப்பாங்க? யார் வந்து பார்ப்பாங்க?" என்று கேட்டு நம்பரை வாங்கி வைக்க வேண்டும். பதில் சரியாக வராத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள், எவ்வளவு சலுகை கொடுத்தாலும் சரி. ரப்பை சிகிச்சைப் பயிற்சி பெற்ற கண் சர்ஜனோ, பிளாஸ்டிக் சர்ஜனோதான் செய்ய வேண்டும். பியூட்டி பார்லர் மாடியில் அல்ல!

பணம்? டாக்டர் கட்டணம், தியேட்டர், மருந்து, தேவைப்பட்டால் மறுபடி சரிசெய்ய ஆகும் செலவு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அழகுக்காக என்றால் மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆனால் தொங்கும் தோல் மேல்பக்கப் பார்வையையே மறைத்தால் அது மருத்துவத் தேவை. ரப்பையைச் சும்மா விட்டு ஒரு தடவை, பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி ஒரு தடவை என்று பார்வைப் பரப்பை அளந்து காட்டுவார்கள். அந்தச் சோதனைத் தாளையும் போட்டோவையும் வைத்து, ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு விஷயம். ரப்பையின் பாரம் குறைவதால் கருவிழியின் வளைவு லேசாக மாறி, பவரில் சின்ன வித்தியாசம் வரலாம். புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

அண்ணிக்கு இப்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. பஸ் போர்டைப் படிக்கப் புருவத்தைத் தூக்கித் தூக்கி வந்த தலைவலி நின்றுவிட்டது. போன மாதம் பேரனுக்குக் காது குத்து. அந்தப் போட்டோவையும் மகள் கல்யாண ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அண்ணனைக் கூப்பிட்டு, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார்.

அண்ணன் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புடவை புதுசா?"